தராசில் ஏறிய காஸ் சிலிண்டர்: திருகோணமலையில் ஓர் ஏசி திருத்தகத்தின் வரவுக் கணக்கு

"ஆர் ஆர் எனக்குக் காசு தரவேணும் எண்டு மட்டும் பார்த்துச் சொல்லும் தம்பி, அது போதும்." கடை முதலாளி என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவன். பின்னேரங்களில் இரண்டு மூன்று சிறிய கடைகளுக்குக் கணக்கும் எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். ஒரு சீசன் முழுக்க இழுத்துவிட்டது.

கடையையோ வாடிக்கையாளரையோ அடையாளம் காட்டக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அதனால் பெயர்கள் இல்லை, தொகைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சிக்கல் விழுந்த விதமும் அவிழ்ந்த விதமும் நடந்தபடியே.

கடையும் அதன் காலக்கணக்கும்

நகரத்துக்குள் ஒரு குறுக்குத் தெரு. வீட்டு விறாந்தையை மறித்துக் கட்டிய கடை. முதலாளி, அவரிடம் தொழில் பழகிய இரண்டு பொடியன்கள், ஒரு மோட்டார் சைக்கிள், ஏணி கட்டிய ஓர் ஓட்டோ. போனையும் கொப்பியையும் பார்ப்பது முதலாளியின் மனைவி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஏசி, பிரிட்ஜ், மீன் வியாபாரிகளின் டீப் பிரீசர் எல்லாம் திருத்துவார்கள். உவர்மலையிலும் பாலையூற்றிலும் வீடுகள், அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ்கள், கிண்ணியாவில் சில கடைகள்.

கடலோரத்து ஏசிக்கு ஆயுசு குறைவு. உப்புக்காற்று வெளியே பூட்டிய பெட்டியின் கண்டென்சர் தகடுகளைத் தின்னும், குழாய்ப் பொருத்துகளில் ஏசியைக் குளிரவைக்கிற காஸ் கசியும். ஊருக்கு உள்ளே வருடத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதுமான ஏசியை நிலாவெளியில் மூன்று தடவை பார்க்க வேண்டிவரும். எட்டு அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்றுக்கு வருடத்தில் இருபது, இருபத்தைந்து சின்னப் பில்கள் விழும். ஒன்றில் கழுவின கூலி, ஒன்றில் காஸ், ஒன்றில் கப்பாசிற்றர். அதற்கு வருகிற காசோ பில்லுக்குப் பில் வருவதில்லை. "20,000 போட்டிருக்கு அண்ணை" என்று ரவுண்டாக வரும்.

அடுத்தது சீசன். கிழக்குக் கரைக்கு வெள்ளைக்காரர் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் மாரி பிடித்தால் கடற்கரை வெறிச்சோடிவிடும். கெஸ்ட் ஹவுஸ்காரர் ஏசியைத் திருத்துவிப்பது ஆட்கள் வருவதற்கு முன், மார்ச்சிலும் ஏப்ரலிலும். அவர்கள் கையில் காசு புழங்குவது ஜூலை, ஓகஸ்ட்டில். நடுவில் இருக்கிற நாலு மாதத்தைத் தாங்குகிறவர் நம்முடைய முதலாளி. கொழும்பில் காஸ் சிலிண்டரை உடன்காசுக்கு எடுத்து, கடனுக்கு ஊற்றுகிறார். "சீசனுக்க தாறம்" என்ற வார்த்தைதான் ஒப்பந்தம்.

இப்படித்தான் பல வருடம் ஓடியது. 2022 வந்தபோதுதான் அந்த நாலு மாதத்தின் விலை தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் ஊற்றிய காஸுக்கு ஓகஸ்ட்டில் முழுக்காசும் வந்தது, ஒருவரும் ஏமாற்றவில்லை. ஆனால் அந்தக் காசைக் கொண்டுபோய் அதேயளவு காஸ் வாங்க முடியவில்லை.

அதே வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை முதலாளி பெரிதாக எடுக்கவில்லை, எனக்கு அதுதான் சிக்கலின் தொடக்கமாகத் தெரிகிறது. எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்து, முதலில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்தார்கள். நிலாவெளிக்குப் போய்வர ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வேலைக்குப் போகவே பெற்றோல் காணாதபோது காசு வாங்க யார் போவது? "பாங்கில போட்டுவிடுங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு முன் முதலாளியே நேரில் போவார், தேத்தண்ணி குடிப்பார், காசை எண்ணி வாங்குவார், இரவு வந்து கொப்பியில் எழுதுவிப்பார். காசும் ஆளும் கொப்பியும் ஒரே நாளில் ஒன்றையொன்று சந்தித்தன. பிறகு காசு வங்கிக்குப் போனது, அதன் படம் முதலாளியின் வட்ஸ்அப்புக்குப் போனது, கொப்பி அக்காவிடம் இருந்தது. மூன்றும் சந்திக்கவேயில்லை.

கொப்பி

பெரிய மட்டை போட்ட சீஆர் கொப்பி. ஆளுக்கொரு பக்கம், இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் வரவு. அக்காவின் எழுத்து அச்சுப் போல இருக்கும். சாதாரண தரத்துக்கு வணிகமும் கணக்கீடும் படித்தவர், ஆகவே பேரேடு என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

கோளாறு சித்திரையில் இருந்தது. வருடப்பிறப்புக்குப் புதுக்கணக்குத் தொடங்கும்போது மஞ்சள் பூசிப் பிள்ளையார் சுழி போட்டு, பழைய கொப்பியிலிருந்து பெயரையும் மொத்தத்தையும் மட்டும் புதுக் கொப்பிக்கு ஏற்றுவார். "நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ், பழைய மீதி 46,500." எந்த அறை, எந்த மாதம், என்ன வேலை என்பதெல்லாம் பழைய கொப்பியோடு பரணுக்குப் போய்விடும். இரண்டு சித்திரை கடந்த மீதிக்குத் தாய் தகப்பனே கிடையாது. அந்தக் கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் முதலாளி கேட்டபோது அவர் சொன்ன பதிலில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை: "எந்த வேலைக்கு அண்ணை? பில்லைக் காட்டுங்கோ, இப்பவே தாறன்." காட்டுவதற்கு இவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பதினாலு மாத வங்கிக் கூற்று, கொப்பி, முதலாளியின் போன். மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு இருந்தோம். வங்கிக் கணக்கையும் கொப்பியையும் ஒத்துப்பார்ப்பதை வங்கி இணக்கக் கூற்று என்று நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது பத்து வரியில் முடிந்துவிடும். இங்கே முதல் ஞாயிறு முடிய ஒரு மாதம்தான் இணங்கியிருந்தது.

வங்கியில் விழுந்த காசில் கணிசமானது கொப்பியில் இல்லை. 2015இல் லங்காபேயின் செஃப்ட்ஸ் முறை வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் காசு அந்தக் கணமே போய்ச் சேருகிறது. அனுப்பியவர் யார் என்பது அதே தெளிவோடு வந்து சேருவதில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் பாதிப் பேர் "ஏசி" என்று எழுதியிருந்தார்கள், ஏசிக் கடைக்கு. காசு வைப்பு மெஷினில் போட்டவர்களுடையது இன்னும் மோசம்: திகதி, மெஷின் இருக்கிற இடம், தொகை, அவ்வளவுதான். இப்படிக் காசு கட்டியும் கொப்பியில் கடன்காரராக நின்றவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). இரண்டு தடவை கேட்டு, மூன்றாம் தடவை அவர் கோபப்பட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டார். அவருடைய 12,500 ரூபா எட்டு மாதமாக வங்கியில் கிடந்தது.

எதிர்ப்பக்கப் பிழைகளும் இருந்தன. உப்புவெளிக் குடும்பம் ஒன்றில் கணவன் 15,000 ரூபா அனுப்பிய ஸ்கிரீன்சொட்டை முதலாளிக்குப் போட்டிருக்கிறார், மனைவி அதையே கடைப் போனுக்குப் போட்டிருக்கிறார். முதலாளி வாயால் சொன்னதும் எழுதப்பட்டது, கடைப் போனில் வந்ததும் எழுதப்பட்டது. கொப்பியில் 30,000. காசோலை தந்தவர்களின் பக்கத்தில் காசோலை கைக்கு வந்த அன்றே வரவு எழுதியாயிற்று. அது திரும்பி வந்தபோது யாரும் வரவை வெட்டவில்லை. ஒரு காசோலை கலண்டருக்குப் பின்னால் இருந்து விழுந்தது, திகதி போட்டு ஏழு மாதம். ஆறு மாதம் தாண்டிய காசோலையை வங்கி எடுக்காது. அதைத் தந்தவர் நல்ல மனிதர், வேறு எழுதித் தந்தார்.

எல்லாவற்றையும் நேர்செய்து பட்டியல் போட்டபோது, முதலாளி தனக்கு வரவேண்டும் என்று மனதில் வைத்திருந்த தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் நின்றது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப தம்பி, காசு எங்க?"

சிலிண்டர்

நியாயமான கேள்வி. கடன் இவ்வளவு குறைவென்றால், இரவுபகலாக வேலை ஓடுகிற கடையில் மாதக் கடைசியில் ஏன் கையைப் பிசைய வேண்டும்? கூலி, வாடகை, பெற்றோல் எல்லாம் பார்த்தேன், வழமையான அளவுதான். மிஞ்சியது காஸ்.

இந்தக் கடை அதிகம் பாவிப்பது ஆர்410ஏ என்ற ஏசி காஸ். சிலிண்டர் ஒன்றில் 11.3 கிலோ இருக்கும். அந்தப் பதினாலு மாதத்தில் கொழும்புப் பில்களின்படி வாங்கியது ஒன்பது சிலிண்டர், 101.7 கிலோ. அக்காவின் கொப்பியில் காஸ் ஊற்றியதாக எழுதிய வேலைகளைக் கூட்டினால் ஏறக்குறைய 61 கிலோ. கடையில் இருந்ததை நிறுத்துப் பார்க்கலாம் என்றேன். தராசு இருக்கிறதா என்று கேட்டதற்குச் சின்னப் பொடியன் மூலையிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான், தூசி மூடிக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர்410ஏ இரண்டு காஸ் கலந்த கலவை, அதைத் தராசில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று அவர்களே எனக்கு விளக்கினார்கள். தராசு வாங்கியதும் அதற்காகத்தானாம். வெற்றுச் சிலிண்டரின் நிறையைக் கழித்தால் 5 கிலோ இருந்தது.

101.7இலிருந்து 61உம் 5உம் போனால் 35 கிலோவுக்கு மேல் கணக்கில் இல்லை. குழாயில் போகிறது, கசிகிறது, பிழையாக ஊற்றித் திருப்பி விடுகிறது என்று தாராளமாகப் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டேன். மிச்சம் 25 கிலோ. வேலைக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் ஐம்பது வேலை. பில்லும் இல்லை, கொப்பியிலும் இல்லை, ஆகவே ஒருவரும் கடன்காரரும் இல்லை.

முதலாளியின் கண் முதலில் போனது பொடியன்கள் பக்கம். அந்தப் பின்னேரம் கடையில் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கிழமை இரண்டு நாள் ஓட்டோவில் அவர்களோடு போனேன்.

நிலாவெளியில் மூன்றாம் நம்பர் அறை ஏசிக்குப் போகிறோம். வேலை முடிகிற நேரம் மனேஜர் வந்து, "தம்பி, வந்தனீங்கள்தானே, அஞ்சாம் நம்பரையும் ஒருக்காப் பாருங்கோ" என்கிறார். பார்க்கிறார்கள், காஸ் குறைவு, ஊற்றுகிறார்கள். திரும்பும் வழியில் சாம்பல்தீவில் ஒரு வீட்டுக்காரர் கை காட்டி மறிக்கிறார், போன மாதம் பார்த்த பிரிட்ஜ் குளிரவில்லை. அதையும் பார்க்கிறார்கள். கடைக்கு வர ஏழு மணி. முதலாளி கூரையிலிருந்து இறங்கி வந்த களையோடு "என்ன, முடிஞ்சுதா?" என்கிறார். "முடிஞ்சுது அண்ணை, அஞ்சாம் நம்பரும் பார்த்தனாங்கள்." "சரி." அந்தச் "சரி" அக்காவின் காதுக்குப் போகவேயில்லை. அவர் உள்ளே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றிரண்டு வேலையைப் பொடியன்கள் கடைக்குச் சொல்லாமல் தங்கள் கைக்கென்று செய்தும் இருக்கலாம். அதைத் தேடப் போகவில்லை. இரண்டு நாளில் நான் கண்ணால் கண்ட எழுதப்படாத வேலை மூன்று. அந்தக் கணக்குக்கு ஐம்பது வேலை என்பது குறைவு.

ஆக, முதலாளி கேட்ட கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருந்தது. யார் காசு தரவில்லை என்று தேடினோம். தராதவர்களை விட, நாங்கள் கேட்காமலே விட்டவர்கள்தான் அதிகம்.

மாற்றியதும் சறுக்கியதும்

முதலில் போனில் ஓர் ஆப். என்னுடைய யோசனை, என்னுடைய பிழை. எல்லாம் ஆங்கிலம், அக்காவுக்குச் சினம். மூன்றாம் கிழமை போன் தண்ணீருக்குள் விழுந்தது, எழுதியதெல்லாம் போயிற்று. அச்சகத்தில் இலக்கம் போட்ட கார்பன் பில் புத்தகம் அடிப்பித்தோம்: வெள்ளை வாடிக்கையாளருக்கு, மஞ்சள் கடைக்கு.

அதில் ஒரே ஒரு விதி. வண்டி வெளிக்கிட முன் இலக்கம் போட வேண்டும். வேலை முடிந்த பிறகு எழுதுகிற பில், மறந்தால் மறந்ததுதான், தெரியவராது. முன்கூட்டியே 183 என்று இலக்கம் போட்டு அனுப்பிய தாள் திரும்பி வராவிட்டால் புத்தகத்தில் ஓட்டை விழும், அக்கா இரவே கேட்பார். வழியில் மறித்த வேலைக்காகப் பொடியன்களிடம் ஐந்து வெற்றுத் தாள், அதுவும் இலக்கத்தோடு. ஏசி ஒன்றுக்கு இலக்கம் ஒன்று. இலவசமாகச் செய்தாலும் இலக்கம் உண்டு, தொகையில் பூச்சியம். முதலாளி சொந்தக்காரருக்குச் சும்மா செய்து கொடுத்தது எவ்வளவு என்று அதில்தான் முதன்முதல் தெரிந்தது. அதைப் பற்றி அக்காவும் அவரும் கதைத்ததை நான் எழுதவில்லை.

வங்கிக் காசை இனங்காண ஓர் உபாயம் செய்தோம். பில் தொகையின் கடைசி இரண்டு இலக்கத்தை வேலை இலக்கத்தின் கடைசி இரண்டாக ஆக்குவது. 183ஆம் வேலை 9,500 ரூபா என்றால் 17 ரூபா கழித்து 9,483. அந்தத் தொகை வங்கியில் விழுந்தால் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. முதலாளிக்கு இது பிடிக்கவில்லை, "என்னடாப்பா இது, சில்லறைக் கடை மாதிரி" என்றார். இரண்டு மாதத்தில் பழகிவிட்டார். மெஷினில் போடுகிறவர்களிடம் மட்டும் இது பலிக்கவில்லை, மெஷின் சில்லறை எடுக்காது, அவர்கள் 9,500 ஆகவே போட்டார்கள். அவர்களிடம் மெஷின் தருகிற சீட்டில் இலக்கத்தை எழுதிப் படம் அனுப்பச் சொன்னோம். பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

ஸ்கிரீன்சொட் வந்தால் பென்சில், வங்கியின் எஸ்எம்எஸ் வந்தால் பேனை. அந்த எஸ்எம்எஸ் முதலாளியின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவரோ கூரையில். வங்கிக்குப் போய் அதை அக்காவின் நம்பருக்கு மாற்றினோம், அரை மணித்தியால வேலை. இவ்வளவு எழுதிய எனக்கு, பலன் அதிகம் தந்தது அந்த அரை மணித்தியாலம்தான் என்று ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

படிப்பிக்கிறவனின் இன்னொரு சறுக்கல்: கடன்பட்டோரை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. அதில் நிலாவெளியின் ஆகச் சிறந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஜூலையில் 90 நாளுக்கு மேல் நின்றார்கள். ஓகஸ்ட்டில் தவறாமல் கட்டுகிறவர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துக் கடுமையாகக் கேட்டிருந்தால் அவ்வளவு பேரும் நானாவின் வழியில் போயிருப்பார்கள். இப்போது இரண்டே நிரல்: அவர் சொன்ன தவணை வந்துவிட்டதா, வரவில்லையா. தவணையை வேலை நடக்கிற அன்றே பில்லில் எழுதிவிடுகிறார்கள்.

கேட்கிற முறையையும் அக்காதான் திருத்தினார். நான் எழுதிக் கொடுத்த செய்தி வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். அவர் எழுதியது: "வணக்கம் அண்ணை. ஏப்ரல் 3, அஞ்சாம் நம்பர் அறை, காஸ் விட்டது, வேலை இல. 183, 9,483 ரூபா. ஜூலை 20க்குத் தாறன் எண்டு சொன்னனீங்கள்." அறையும் திகதியும் இருந்தால் ஆள் வாதிடுவதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பமாட்டார், விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து காசு வெளியே போவதை எங்கள் ஆட்கள் விரும்புவதில்லை. கிண்ணியாவுக்கு வெள்ளி மதியம் இல்லை, ஜும்ஆ நேரம்.

பழைய மீதிகள்

பரணிலிருந்து வந்த மீதிகளை என்ன செய்வது என்று பழக்கமான ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு முதலாளி வாயடைத்துப் போனார். பிறெஸ்க்ரிப்ஷன் ஓடினன்ஸ் என்று அவர்கள் சொல்கிற 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், கடைப் பில்லுக்கும் கொப்பிக் கடனுக்கும் செய்த வேலைக் கூலிக்கும் வழக்குப் போட ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. எழுத்தில் செய்த ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். கடன்பட்டவர் இடையில் கொஞ்சம் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலோ காலம் திரும்ப ஓடத் தொடங்கும். வாய்ப்பேச்சு உதவாது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கிற சட்டம், ஏசிக் கடைக்காரர் ஒருவருக்கும் தெரியாது. பில்லின் அடியில் வாடிக்கையாளர் கையெழுத்து வைக்க ஒரு கோடு அடிப்பித்தது இதைக் கேட்ட பிறகுதான்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை என்றும் அவர் சொன்னார். ஒரு பெரிய மீதிக்கு அதைச் செய்வோமா என்று கேட்டேன். முதலாளி மறுத்துவிட்டார். "நாளைக்கு அவற்ற வீட்டு நன்மை தீமைக்கு நான் போகவேணும் தம்பி." கணக்கீட்டில் அதற்கு ஒரு நிரல் இல்லை. அறவிட முடியாக் கடன் என்று எழுதி மூடினோம். மூடிய மொத்தம் அவர் இரவில் நினைத்து நித்திரை கொள்ளாமல் இருந்த தொகையில் பாதிக்குக் கிட்ட.

நானாவிடம் முதலாளியும் நானும் நேரில் போனோம். மன்னிப்புக் கேட்டு, வங்கிக் கூற்றையும் காட்டினோம். பிளேன்டீ தந்தார். வேலை இன்னும் தரவில்லை.

இந்த சீசன் முடிவில்

சனிக்கிழமைகளில் அக்கா சிலிண்டரைத் தராசில் ஏற்றி நிறையைக் கொப்பியில் எழுதுகிறார். பில்லில் உள்ள காஸுக்கும் தராசுக்கும் இடையில் மாதத்துக்கு அரைக் கிலோ, முக்காற் கிலோ வித்தியாசம் வருகிறது. அது கசிவு என்று முதலாளி சொல்கிறார், நானும் நம்புகிறேன். ஏப்ரலில் வாங்கும் சிலிண்டருக்குக் கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் காஸின் விலையை மட்டுமாவது முன்பணமாகக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து பேரிடம் கேட்டார், மூன்று பேர் தந்தார்கள். கூலி வழமைபோல சீசனுக்குத்தான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குத் தலைப்பு, என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதைப் போலவே, தொங்கல் கணக்கு. யாருடையது என்று தெரியாத காசு அங்கே போகும். சீசன் தொடக்கத்தில் பதினாலு வரி இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு இப்போது ஒன்று மட்டும் நிற்கிறது: 6,200 ரூபா, வைப்பு மெஷினில், ஒரு திங்கட்கிழமை காலை. முதலாளி அதை வருமானத்தில் சேர்க்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டார். அக்கா விடவில்லை. ஆரோ கட்டின காசு, வந்து கேட்டால் என்ன சொல்லுறது என்கிறார்.